புது வீட்டில் கீச்சிட்ட அப்பாவின் செட்

என்னைத் ‘தேனு’ என்று கூப்பிட்ட ஒரே ஆளான என் அப்பாவுக்கு,

இதுவரை உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நீங்கள் ஆறாம் வகுப்புதான் என்றாலும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் வாசிக்கிறவர். நான் வாயால் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால், நம் இருவருக்கும் நடுவில் ஏழு வருஷம் இப்படிப் போயிருக்காது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் இப்போதுதான் தெரிந்தது. அது தெரியவந்த கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஜெகதாப்பட்டினம் வீட்டைக் காலி செய்துவிட்டோம் அப்பா. வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம், அவன் குடிவர வேண்டும் என்றார். நம்மை அவசரப்படுத்தவில்லை, தை முடியட்டும் என்று பொறுத்திருந்தார். தம்பி சரவணன் அம்மாவைக் கோட்டைப்பட்டினத்துக்குக் கூப்பிட்டான். “தம்பி பொண்டாட்டி ஊர்ல போயி நான் ஒக்காந்திருக்க மாட்டேன்” என்றாள் அம்மா, என்னிடம். மகள் வீடு என்றால் பரவாயில்லையாம். அதனால் மாசியில் புதுக்கோட்டைக்கு, நாங்கள் கட்டியிருக்கிற இந்தப் புது வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

ஏற்றுவதற்குக் குட்டியானை வண்டி ஒன்று போதுமாக இருந்தது. பீரோ, கட்டில், பாத்திரங்கள், உங்கள் செட். சுவரோரம் குவித்து வைத்திருந்தீர்களே பழைய வலைகள், அவற்றையும் பஞ்சு மெத்தைகளையும் பாய்க்கட்டுகளையும் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். இடத்தை அடைக்கிற குப்பை என்றுதான் நினைத்தேன்.

ஆம்ப்ளிஃபயரை மட்டும் பின்னால் வைக்க அம்மா விடவில்லை. வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்து, அறந்தாங்கி தாண்டிப் புதுக்கோட்டை வருகிறவரைக்கும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். “அத்தை, கீழ வைங்க, கை வலிக்கும்” என்றார் உங்கள் மருமகன். அவள் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

உங்களிடம் அந்தச் செட்டைத் தவிர ஆசைப்பட்டு வாங்கிய பொருள் என்று வேறு என்ன இருந்தது? அறந்தாங்கியில் ஒருவர் கையால் கோத்துக்கொடுத்த ஆம்ப்ளிஃபயர். இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். கடலிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, அதற்கு முன்னால் மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தீர்கள் என்றால் அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. பழைய பாட்டு ஓடும். யாராவது குமிழைத் தொட்டால் மட்டும் கோபம் வரும்.

இங்கே ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் இரண்டு மூலைகளிலும் பெட்டிகளை வைத்து, உங்கள் மருமகன் ஒயர்களை மாட்டினார். அம்மா முகம் கழுவி, நெற்றியில் திருநீறு பூசி, தரையில் வந்து உட்கார்ந்தாள். பென்டிரைவில் நீங்கள் வைத்திருந்த முதல் பாட்டைப் போட்டேன்.

கேட்க முடியவில்லை அப்பா. பாடுகிறவர் குரல் கீச் கீச்சென்று காதைக் குத்தியது. கீழ்ச்சத்தம் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. ஒரு வரி முடிவதற்குள் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த வரியோடு மோதியது. பாத்ரூமுக்குள் நின்று பாடுவது போல இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“இது ஒங்கப்பா செட்டே இல்ல.”

“அதேதாம்மா. நீதானே மடியில வச்சுக் கொண்டாந்த?”

“பொட்டிய மாத்திப்புட்டாய்ங்க. அந்த வண்டிக்காரன் டீ குடிக்க நிறுத்துனான்ல, அப்ப.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளும் போடச் சொன்னாள், கேட்டாள், நிறுத்தச் சொன்னாள். மூன்றாம் நாள் போடச் சொல்லவே இல்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. அதற்கடுத்த வாரம் முழுக்க இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். என்னவென்று கேட்டால், “என்னைய அங்கிட்டே கொண்டுபோயி விட்டுரு ஆத்தா. ஒங்கப்பாவுக்கு இந்த வீடு பிடிக்கல” என்றாள்.

ஒரு பாட்டுப் பெட்டிக்காக ஒருத்தி சோறு தின்னாமல் இருப்பாளா என்று எனக்குக் கோபம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மேலும் கோபம். செத்த பிறகும் இவர் அந்தச் செட்டோடுதான் இருக்கிறார், எங்களோடு இல்லை என்று நினைத்தேன். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருவர், கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டுகிற பஷீர் அண்ணனைப் பற்றிச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வந்ததும் செட்டைத் தொடவில்லை. பாட்டைப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஹாலுக்கு நடுவில் நின்றார். பிறகு பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

“டீச்சர், ஒரு பொட்டியில செவப்பு ஒயரையும் கருப்பு ஒயரையும் மாத்திக் குடுத்திருக்கீங்க. ஒண்ணு முன்னால தள்ளுனா இன்னொண்ணு பின்னால இழுக்குது. அதான் கீழ்ச்சத்தமே வரல.”

உங்கள் மருமகன் மெதுவாகக் கொல்லைப்பக்கம் நழுவிவிட்டார்.

ஒயரை மாற்றியதும் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனாலும் அந்தக் கீச்சு போகவில்லை. பஷீர் அண்ணன் ஹாலில் நின்று ஓங்கி ஒரு தட்டு கை தட்டினார். டங்கென்று சத்தம் சுவரெல்லாம் சுற்றி வந்தது.

“கேட்டீங்களா? தரையெல்லாம் டைல்ஸ், சுவரு மொழுக்குன்னு இருக்கு, அங்கிட்டுக் கண்ணாடி ஜன்னல். ஒரு துணி கெடையாது, மெத்தை கெடையாது. சத்தம் போயி ஒளியறதுக்கு எடமே இல்ல. முன்னாடி எங்க வச்சிருந்தாங்க இதை?”

சொன்னேன். ஓட்டு வீடு, அறை முழுக்க வலையும் மெத்தையும் பாயும் என்று. அவர் தலையை ஆட்டினார். “அதான். அதெல்லாம் சத்தத்தக் குடிச்சிரும். செட்டு அதேதான். ரூம்புதான் மாறிருச்சு.”

குப்பை என்று நான் தூக்கிக் கொடுத்தவைதான் உங்கள் பாட்டைப் பாட்டாக வைத்திருந்தன. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அவள் சமையற்கட்டு வாசலில் டீத் தட்டோடு நின்றிருந்தாள்.

அப்போது பஷீர் அண்ணன் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்து குமிழ்களைப் பார்த்தார். ட்ரெபிள் குமிழ் கடைசிவரை திருப்பியிருந்தது. அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பெயிண்ட் புள்ளி. படகுக்கு அடிக்கிற பெயிண்ட், நீங்கள் வைத்த குறி. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“மேல்ச்சத்தத்த இம்புட்டு யாரும் வைக்க மாட்டாங்க டீச்சர். நல்ல காதுன்னா கூசும். தப்பா நெனைக்காதீங்க, இதக் கேட்டவுகளுக்குக் காது எப்படி?”

“எங்கப்பாவுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கேக்காது” என்றாள். “பன்னெண்டு வருஷமாக் கேக்காது.”

பஷீர் அண்ணன் நல்ல மனிதர். டீயை நின்றபடியே குடித்துவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். நானும் அம்மாவும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

விசைப்படகில் டிரைவர் வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். காலடியிலேயே எஞ்சின். அதற்கு மேலே நின்று சுக்கான் பிடிக்க வேண்டும். முப்பது வருஷம் அந்தச் சத்தத்தின் மேலேயே நின்றீர்கள். முதலில் குருவிச் சத்தம் கேட்கவில்லையாம் உங்களுக்கு. அப்புறம் குக்கர் விசில். அப்புறம் பேச்சில் பாதி எழுத்துகள். ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல நான் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தேன்.

“எஞ்சின் சத்தம் மாறுறது கேக்கணும், வயர்லெஸ்ல கூப்புடுறது கேக்கணும். கேக்கலன்னு தெரிஞ்சா ஓனரு படகு தருவாரா? அதான் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. வயர்லெஸ்ஸ பக்கத்துல நிக்கிற ஆளுக கேட்டு, கையக் காட்டுவாங்க.”

“எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“புள்ளைகளுக்குத் தெரிஞ்சா கடலுக்கு விடாதுகன்னாரு. ஒனக்கு அப்பத்தான் காலேஜு.”

நான் படிப்பதற்காகத்தான் மறைத்தீர்களா அப்பா? அம்மா அப்படி முழுதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. போனை நீங்கள் எடுத்ததே இல்லை. அம்மாதான் எடுப்பாள். கடைசியில் உங்களிடம் கொடுப்பாள். “நல்லா இருக்கியாத்தா? சாப்புட்டியா? சரி, வச்சிருறேன்.” எப்போதும் இந்த மூன்றுதான். காய்ச்சல் என்று சொன்னாலும் “சரி”. வேலை கிடைத்துவிட்டது என்று கத்தினாலும் “சரி, வச்சிருறேன்”. நான் எத்தனை தடவை அழுதிருக்கிறேன், தெரியுமா? வேலை கிடைத்த அன்றைக்கு அம்மா உங்களிடம் சொல்லி, நீங்கள் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தீர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. என் காதுக்கு ஒரு வார்த்தை வரவில்லையே என்றுதான் எனக்கு இருந்தது.

பேத்தியிடம் மட்டும் பேசுவீர்கள். யாழினி உங்கள் மடியில் ஏறி, காதில் வாயை வைத்துக் கத்துவாள். நீங்கள் சிரிப்பீர்கள். மகளிடம் இல்லாத பாசம் பேத்தியிடம் இருக்கிறதே என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவள் கத்தினாள், உங்களுக்குக் கேட்டது. அவ்வளவுதானா விஷயம்?

இனிமேல்தான் சொல்லக் கஷ்டமானது.

யாழினிக்கு முன்னால் ஒரு குழந்தை ஆறாம் மாதத்தில் தங்காமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்தேன். நீங்கள் கடலிலிருந்து வந்த கையோடு, சட்டையில் டீசல் வாசனையோடு பஸ் ஏறி வந்தீர்கள். அந்த நேரம் வார்டில் என் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

“அப்பா, என்னைய நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா. கொஞ்ச நாளைக்கு மட்டும்.” அப்படித்தான் சொன்னேன். மாமியார் வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அந்த வீட்டில் எனக்கு அழ இடம் இல்லை. அதனால் கேட்டேன்.

நீங்கள் குனிந்து என் தலையைத் தடவினீர்கள். “சரித்தா. நல்லாத் தூங்கு. நாளைக்குக் கடலுக்குப் போற நாளு, நான் கெளம்புறேன்” என்றீர்கள்.

சரி என்று சொல்லிவிட்டீர்களே என்று, நர்ஸம்மாவிடம் சொல்லித் துணிகளைப் பையில் எடுத்து வைத்தேன். கடலுக்குப் போய்விட்டு வந்ததும் கூட்டிப்போவீர்கள் என்று இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வரவில்லை. அம்மா வந்தாள். “அப்பாகிட்ட என்னமோ கேட்டியாமே, என்ன கேட்ட?” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், “ஒண்ணும் கேக்கல” என்றேன். அந்தப் பையோடு மாமியார் வீட்டுக்கே போனேன்.

அதற்குப் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் ஜெகதாப்பட்டினம் வந்தேன். வந்தாலும் சாயங்காலமே கிளம்பிவிடுவேன். நீங்கள் பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே வருவீர்கள். நான் திரும்பிப் பார்த்ததில்லை. ஏழு வருஷம் அப்பா. போன புரட்டாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டீர்களாம். நான் வந்து சேர்ந்தபோது உங்களைக் கட்டிலில் கிடத்தி, மாலை போட்டிருந்தார்கள்.

அன்று ஹாலில் உட்கார்ந்து இதையெல்லாம் அம்மாவிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

“அன்னைக்கு பஸ்ஸ விட்டு எறங்கி வந்ததும் வராததுமா, செருப்பக்கூடக் கழட்டல, ‘புள்ள என்னமோ கேட்டுச்சு, எனக்குக் காதுல விழல’ன்னாரு. ‘மூஞ்சி சுவத்துப் பக்கம் இருந்துச்சு, வாயப் பாத்தாலாவது தெரிஞ்சிருக்கும். அந்த நெலமையில கெடக்குற புள்ளைகிட்ட ரெண்டாந்தரம் எப்படிக் கேக்குறது? சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். எதுக்குச் சரின்னு சொன்னேனோ தெரியல. நீ போயி கேட்டுட்டு வா’ன்னாரு. நான் வந்தேன். நீதான் ஒண்ணும் கேக்கலன்னுட்ட.”

“நீ போயி சொன்னதுக்கு அப்பா என்ன சொன்னாரு?”

“நம்பல. ‘இல்ல, கேட்டுச்சு. வாய்விட்டு எதுவும் கேக்காத புள்ள, என்னமோ கேட்டுச்சு’ன்னு ரொம்ப நாளு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

அப்பா, நான் எப்படித் தாங்குவேன் இதை? நீங்கள் என்னைக் கைவிட்டதாக நினைத்து நான் ஏழு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் என்ன கேட்டேன் என்று தெரியாமல் நீங்கள் ஏழு வருஷம் தவித்திருக்கிறீர்கள். பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே வந்தது, என் வாயைப் பார்த்துப் பேச ஒரு வாய்ப்புக்காகத்தானா?

உங்கள் மேல் கோபம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். “காது கேக்கல தேனு, இன்னொரு தரம் சொல்லு” என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. ஓனரிடம் மறைத்தது சரி. என்னிடமுமா? ஆனால் நானும் ஒரு தடவை முகத்தைத் திருப்பி, உங்களைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். “ஒண்ணும் கேக்கல” என்று அம்மாவிடம் சொன்ன பொய் என்னுடையது. அதை யார் தலையிலும் போட முடியாது.

பஷீர் அண்ணன் சொன்னபடி சாயங்காலம் வந்தார். மூலையில் கிடந்த பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்தினார். ஜன்னலுக்குக் கனமான திரை போடச் சொன்னார், தரையில் ஜமக்காளம் விரிக்கச் சொன்னார். எதிர்ச்சுவரில் பழைய மெத்தை ஒன்றைச் சாய்த்து வைத்தோம். ட்ரெபிளைப் பாதிக்குக் குறைத்தார். அப்புறம் பாட்டு நன்றாகத்தான் கேட்டது. அம்மா கேட்டாள், “இப்ப சரியா இருக்கு” என்றாள். அன்று இரவு நாலு இட்லி சாப்பிட்டாள்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை பகலில், அம்மா தூங்கும்போது, நான் ஒரு காரியம் செய்தேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் உங்கள் மருமகனின் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு செட் முன்னால் உட்கார்ந்தேன். பாட்டு மொத்தையாக, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல வந்தது. குமிழை உங்கள் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினேன். மெல்ல மெல்ல வார்த்தைகள் தெரிந்தன. ச, த, க எல்லாம் தனித்தனியாக வந்தன. அப்போதுதான் புரிந்தது. நாளெல்லாம் எல்லோரும் முணுமுணுக்கிற உலகத்தில், உங்களிடம் தெளிவாகப் பேசியது அந்தச் செட் ஒன்றுதான். அதனால்தான் அதன் முன்னால் அப்படி உட்கார்ந்திருந்தீர்கள். நாங்கள் யாரும் அதுபோலப் பேசவில்லை.

யாழினி அறையிலிருந்து வந்து ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்தாள். அவள் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் உங்களைப் போலவே தலையை ஆட்டிவைத்தேன்.

இன்னொரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் சரவணன் இரண்டு நாள் இங்கே வந்து தங்கினான். அவன் இப்போது உங்கள் ஓனரின் படகில், உங்கள் இடத்தில் டிரைவர். அதற்கு முன்பும் படகு எஞ்சின் பக்கம்தான் இருந்தான். டி.வி. சத்தத்தை அவன் கூட்டிக்கொண்டே போனான். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அவன் பின்னால் போய் நின்று, மெதுவாக, “சரவணா, டீ போடவா?” என்றேன். அவன் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் இல்லை. அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை அப்பா.

முன்னால் போய் நின்று கேட்டேன். “எத்தன நாளா இப்படி?”

“என்னது?”

“காது.”

அவன் ரிமோட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ரெண்டு வருஷமா எரைச்சலு போட்டுக்கிட்டே இருக்குக்கா. அக்கா, வெளிய சொல்லிப்புடாத. ஓனருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு அது இரண்டாவது தடவையாகக் கேட்கிற வார்த்தை.

உங்கள் கதை முழுவதையும் அவனுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரி, பை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது, எல்லாவற்றையும். தலையைக் குனிந்தபடி கேட்டான். எங்கெங்கே காதில் விழவில்லையோ அங்கெல்லாம் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தான். மறுநாள் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் அந்த விரல் அசையவே இல்லை.

போனது திரும்பாது என்றார் டாக்டர். இருப்பதைக் காப்பாற்றலாம், எஞ்சின் ஓடுகிறபோதெல்லாம் காதை மூடுகிற கருவியை மாட்டியே ஆக வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது சரவணன் கேட்டான், “அப்பாவையும் இப்படிக் கூட்டியாந்திருந்தா?” அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அவன் வேண்டாம் என்று சொல்லியும், அவன் மனைவி கவிதாவுக்கு அன்றே போன் செய்து சொல்லிவிட்டேன். அவனுக்கு வந்த கோபத்தில் நாலு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அவன் மகள் வளர்ந்து ஒருநாள் எதையாவது கேட்பாள். அவனுக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், கேட்கவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினாள். நான் அப்படிக் காப்பாற்றுகிற ஆள் இல்லை.

ஐந்தாம் நாள் அவனே கூப்பிட்டான். தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகிறான். “காதுல மாட்டுறத எடுத்துக்கிட்டியா?” என்றேன். “என்னக்கா?” என்றான். மறுபடி கேட்டேன். “என்னக்கா?” மூன்றாவது தடவை, வாசலுக்கு வந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கத்தினேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். “எடுத்துக்கிட்டேன்க்கா, எடுத்துக்கிட்டேன்” என்றான். ஓனரிடம் இன்னும் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிவிட்டானாம். அந்த அளவுக்காவது வந்திருக்கிறான்.

கார்த்திகையில் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். வருகிறேன் என்கிறான், வருவானா என்று தெரியாது. வராவிட்டால், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு ஜெகதாப்பட்டினம் படகுத் துறைக்கே போவேன் அப்பா. ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் மேலே என் குரல் போகிற வரைக்கும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். ஓனருக்குக் கேட்கட்டும், ஊருக்கே கேட்கட்டும். அவன் திரும்பிப் பார்க்காமல் அங்கிருந்து நகர மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்களிடம் சத்தமாகப் பேசத் தெரியாமல் போன
மூத்த மகள்,
தேன்மொழி